குற்றவியல் படிக்க விரும்பும் ஆந்திர எல்லை மாணவர்களுக்கு

திருத்தணி, பள்ளிப்பட்டு, குடியாத்தம் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் நகரி, சித்தூர், குப்பம் ஊர்களிலும் வாழும் தமிழ் மாணவர்கள் பலர், காக்கிச் சட்டை அணிய வேண்டுமானால், குற்றங்களையும் அவற்றின் காரணங்களையும் ஆராயும் குற்றவியல் (கிரிமினாலஜி) பட்டம் வேண்டும் என்று எண்ணுகிறார்கள். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். எனவே முதலில் வேலையைத் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

தடய அறிவியல் ஆய்வகத்தில் பணிபுரிய விரும்புவோர் பன்னிரண்டாம் வகுப்பிலேயே அறிவியல் பிரிவில் இருக்க வேண்டும். கலைப் பிரிவில் பெறும் குற்றவியல் பட்டம் அங்கே உதவாது. அரசு வழக்கறிஞராக விரும்புவோருக்குச் சட்டப் படிப்பு கட்டாயம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பணிக்கும் சட்டப் பட்டமே கேட்கப்படுகிறது. சிறைவாசிகளின் மறுவாழ்வு, நன்னடத்தைக் கண்காணிப்பு, பாதிக்கப்பட்டோருக்கான உதவி, ஆராய்ச்சி ஆகியவற்றை நாடுவோருக்குத்தான் குற்றவியல் நேரடியாகப் பயன்படும். அவர்கள் இளங்கலையில் உளவியல், சமூகவியல், சமூகப்பணி ஆகியவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ குற்றவியலில் முதுகலை சேர்வது நல்லது என்பது என் கருத்து. அடித்தளம் அகலமாக இருந்தால் பிற்பாடு வேறு வேலைக்கு மாறுவதும் எளிது.

புத்தகம் வாங்கும்போது கவனம் தேவை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது; குற்ற விசாரணை முறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அன்றே மாறின. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைப் பிரிவுகளே பொருந்துவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலாண்டிலேயே முதல் தகவல் அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் நீங்கலாக, மற்ற அறிக்கைகளைக் காவல்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். சம்பவம் நடந்த நேரத்தையும் தகவல் வந்த நேரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; இடைவெளி நீண்டிருந்தால், தாமதத்திற்கான காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள், ஏனெனில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார். நிலையத்திலிருந்து சம்பவ இடத்தின் தூரமும் திசையும், அந்த இடம் வேறு நிலைய எல்லைக்குள் இருந்தால் அதன் பெயரும் தனிக் கட்டங்களில் இருக்கும். எல்லையூரில் இந்தக் கட்டங்களுக்குத் தனி எடை உண்டு: குற்றம் ஆந்திரப் பக்கம் நடந்திருந்தாலும் புகாரை இந்தப் பக்க நிலையத்திலேயே கொடுக்கலாம் என்பதைப் புதிய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது; பதிவான பின் அது உரிய நிலையத்துக்கு அனுப்பப்படும்.

அடுத்து மொழி. ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டியதாகக் கைதாகும் ஜவ்வாது மலைத் தொழிலாளர்களின் வழக்குகளில் ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவருக்கோ தமிழ் மட்டுமே தெரியும். என்ன குற்றச்சாட்டு என்றே புரியாமல் ஒருவர் சிறையில் இருப்பது பெரும் அநீதி. இரு மொழிகளையும் எழுதப் படிக்கத் தெரிந்த குற்றவியல் பட்டதாரி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவிப் பணியில் அங்கே உண்மையாகவே தேவைப்படுகிறார். பேச்சுமொழி மட்டும் போதாது. வாரம் ஒரு குற்றப்பத்திரிகையையாவது ஒரு மொழியிலிருந்து மற்றதில் சுருக்கி எழுதிப் பாருங்கள்.

களப் பயிற்சிக்கு வேலூரை மறவாதீர்கள். தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகக் கழகம் அங்கேதான் இருக்கிறது. துறைத்தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

எந்த மாநிலத் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்பதை இரண்டாம் ஆண்டுக்குள் முடிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டுத் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்ற தாள்கள் திருத்தப்படா. ஆந்திரக் காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் தெலுங்குத் தாள் உண்டு. ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றிதழைக் காட்டி மறு மாநிலத்தில் இடஒதுக்கீடு கோர முடியாது என்பதால், சான்றிதழையும் இருப்பிடத்தையும் விண்ணப்பிக்கும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.