மலை ஏறும்போது விட்டு விட்டுத் திணறும் பழைய கார்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மேட்டுப்பாளையத்தில் நன்றாகக் கிளம்பும் வண்டி, ஊட்டிக்குப் போகும் வழியில் கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இழுக்க மறுக்கும். இரண்டு வளைவு திணறும். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஏறும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே அருமையாக ஓடும். இந்த நிலையில் பிளக் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தருவது), காயில் (அந்தப் பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது) என்று ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும். வந்து வந்து போகும் கோளாறை அது வரும் நேரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார்களுக்கான முறை இது. பழைய மாருதி 800, அம்பாசடர், பத்மினி எல்லாம் இதில் அடங்கும். வழியில் நிறுத்தும்போது வளைவில் நிறுத்தாமல் அகலமான இடமாகப் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள். நடுரோட்டில் கிடக்கும் அந்தக் கல்லில்தான் பின்னால் பைக்கில் வருபவர் விழுகிறார்.

1. கோளாறுதானா என்று முதலில் பாருங்கள்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 சதவீத சக்தியை இழக்கும். ஆக, ஊட்டியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பிக்கப் குறைவது இயல்பு. ஆனால் அந்தக் குறை வந்து போகாது, அங்கே இருக்கும்வரை இருக்கும். காற்று மெலிவதால் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகும்; மேலே ஓடும் வண்டியின் பிளக் சற்றுக் கருத்திருந்தால் பதற வேண்டாம்.

எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றம் ஏறிய பிறகு ஒரே ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் எஞ்சின் கோளாறு அல்ல.

2. குறித்து வையுங்கள்

எந்த இடம், என்ன கியர், எஞ்சின் சூடா இல்லையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வெயிலா பனிமூட்டமா, எவ்வளவு நேரம் நிறுத்திய பிறகு சரியானது. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு எழுதினால் போதும். மெக்கானிக்கிடம் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

3. பெட்ரோலா, கரண்டா?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது: தடைபடுவது எஞ்சினுக்கு வரும் பெட்ரோலா, பிளக்குக்குப் போகும் கரண்டா? பெட்ரோல் பற்றாமல் போனால் வண்டி மெல்ல மெல்ல வலுவிழக்கும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் சமாளித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பட்டென்று வெட்டும், குலுக்கும், சில நேரம் சைலன்சரில் வெடிக்கும். இந்த வேறுபாட்டைக் காலும் காதும் சீக்கிரமே பழகிக்கொள்ளும்.

4. பெட்ரோல் பக்கம்

டேங்க் மூடியில் தொடங்குங்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்காது. மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் அதே கதைதான். திணறியதும் நிறுத்தி மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டியும் சரியாகிவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. மூடியைத் தளர்த்தியபடி ஓட்டிப் பார்க்காதீர்கள், வளைவுகளில் பெட்ரோல் சிந்தும்.

அடுத்து ஃபில்டர். டேங்கில் சேர்ந்த துரு ஏற்றத்தில் கலங்கி வந்து அடைக்கும். பத்து நிமிடம் நின்றால் படிந்து வழி விடும். அதனால்தான் பட்டறையில் கோளாறு தெரிவதில்லை. ஃபில்டரை மாற்றியும் தீரவில்லையா? எஞ்சின் ஆறியபின், பொறி வராதபடி காயிலுக்குக் கரண்ட் கொண்டுவரும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் பைப்பை ஒரு பாட்டிலில் விட்டு, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டினால் பம்ப், பைப் இரண்டையும் பாருங்கள். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது.

கோடையில் பர்லியார் பக்கம் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தால் பைப்பில் பெட்ரோல் ஆவியாகி பம்ப் இழுக்காமல் போகும். பம்ப்மேல் ஈரத்துணி போட்டு, ஆறவிட்டால் கிளம்பும். அடிக்கடி நடந்தால், பைப் எஞ்சினை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

5. கரண்ட் பக்கம்

ஊட்டி, குன்னூர்ப் பனிமூட்டத்தில் மட்டும் மிஸ்ஸிங் (பொறி விட்டுப்போய் எஞ்சின் தடுமாறுவது) வந்தால் பிளக் வயரும், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும்தான் முதல் சந்தேகம். ராத்திரி விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். கரண்ட் கசியும் இடத்தில் நீலப்பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையால் தொடாதீர்கள். கழுத்து மஃப்ளரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள், ஃபேன் இழுத்துக்கொள்ளும்.

பலரும் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட்டுக்கு (காயிலின் கரண்டை விட்டு விட்டு வெட்டும் தொடுமுனை) போகும் மெல்லிய வயர் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, எஞ்சினின் வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுப்பால்) பாயிண்ட் பிளேட் லேசாகத் திரும்பும்; அதோடு இந்த வயரும் வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, உறைக்குள்ளேயே செம்பு இழைகள் அறுந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசுபோல இருக்கும். சாவியை அணைத்து, பேட்டரி வயரையும் கழற்றி, பாயிண்ட்டுக்கு நடுவில் ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) பீப் ஒலியில் வைத்து வயரின் இரு முனைகளிலும் பிடித்து, பிளேட்டை விரலால் மெதுவாகத் திருப்புங்கள். ஒலி விட்டு விட்டு வந்தால் இதுதான். மாற்றும்போது பல இழைகள் கொண்ட, நன்றாக வளையும் வயரையே போடுங்கள். விறைப்பான வயர் மறுபடி அறுந்துவிடும்.

காயில் சூடானால் மட்டும் கெடும், ஆறினால் உயிர் வரும். அதை வீட்டில் ஆறிய நிலையில் அளந்து பயனில்லை. கோளாறு வந்த இடத்திலேயே அளக்க வேண்டும்.

6. குளிர்காலத்தில் மட்டும் வந்தால்

ஈரமும் குளிரும் சேர்ந்த காலையில், ஒரே வேகத்தில் ஓடும்போது கார்புரேட்டரின் தொண்டையில் பனிக்கட்டி படியும். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுவதுதான் காரணம். வெளியே உறைபனி இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஐந்து நிமிடம் நின்றால் எஞ்சின் சூட்டில் உருகி, தடயமே இருக்காது. சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாய்) ஏர் ஃபில்டருக்குச் சூடான காற்று கொண்டுவரும் குழாய் பல வண்டிகளில் உண்டு. கழன்றோ கிழிந்தோ இருந்தால் திரும்ப மாட்டுங்கள்.

ஒன்றை மாற்றினால் அதே ஏற்றத்தில், அதே வேளையில் ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பனிமூட்டத்தில் வந்த கோளாறு தீர்ந்ததா என்று மேட்டுப்பாளையம் வெயிலில் தெரியாது.