பழைய நீதிமன்றங்களைப் பாழாக்கும் மராமத்து

நூறாண்டு மழையைத் தாங்கி நின்ற நீதிமன்றக் கட்டடம் ஒரே ஒரு மராமத்தில் கெட்டுப்போவதுண்டு. அக்கறையில்லாமல் கெடுத்தவர்களைவிட, அக்கறையோடு கெடுத்தவர்களே அதிகம்.

வழக்குமன்ற மொழியில் சொன்னால், முதல் எதிரி சிமென்ட். 1872இல் எழுந்த கல்கத்தா உயர் நீதிமன்றம், 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம் போன்றவை சுண்ணாம்புச் சாந்தின் காலத்தவை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கும். ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, செங்கல்லின் மேல்தோலுக்கு அடியில் படிகமாகிப் பருத்து அதை உடைக்கும். பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் சரி. காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது என்று பொருள். அதைப் பெயர்த்தால் சிவப்புப் பொடி கையில் ஒட்டும். அந்தப் பொடி, நேற்றுவரை செங்கல்லாக இருந்தது. காற்றுப் புகாத பெயின்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

அழுக்கு நீக்குகிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடிப்பது அடுத்த தவறு. சூளையில் வெந்தபோது செங்கல்லுக்குக் கிடைத்த கெட்டித் தோல் அதில் உரிந்துவிடும். திறப்பு விழாப் புகைப்படத்தில் சுவர் பளிச்சென்று இருக்கும். அடுத்தடுத்த மழைக்காலங்களில் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும்.

சுவரில் ஓதம் தெரிந்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏறிப் பார்க்க வேண்டியது மொட்டை மாடிக்கு. பெரும்பாலும் சருகு அடைத்த மழைநீர்க் குழாயோ, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றோ இருக்கும். கன்றைத் தண்டோடு நறுக்கிவிட்டு இறங்கிவிட்டால் வேர் உள்ளேயே இருந்து மறுபடி தளிர்க்கும். ஒழுகும் தளத்தின்மேல் புதுத் தளம், அதன்மேல் இன்னொன்று என்று அடுக்குவது இன்னும் மோசம். கீழே இருக்கும் மர உத்தரம் அந்தப் பாரத்துக்குப் போட்டதல்ல. பொய்க்கூரை அமைத்தால் ஒழுகல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

தாழ்வாரங்களைக் கண்ணாடி வைத்து அடைத்து அறைகளாக்குவதும் வழக்கம். இட நெருக்கடி உண்மைதான். ஆனால் வெயில் சுவரில் படாமல் தடுத்து, காற்றை உள்ளே அனுப்புவது அந்தத் தாழ்வாரமே. அதை அடைத்த பிறகு குளிர்சாதனம் தேவைப்படும். அதன் தண்ணீர் சுவரில் வழியும்.

வெளித்தோற்றத்தைக் காத்துவிட்டு உட்புறத்தைக் கைவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சாட்சிக் கூண்டும் நீதிபதியின் மேடையும் பழைய மரச்சாமான் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், டிரெட் ஸ்காட் என்ற அடிமை மனிதர் விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கு 1847இலும் 1850இலும் விசாரிக்கப்பட்ட பழைய நீதிமன்றம் இன்றும் நிற்கிறது. விசாரணை நடந்த அறை இல்லை. பிற்கால மாற்றங்களில் அதைப் பிரித்துவிட்டார்கள்.

‘கட்டிய நாளில் இருந்தபடியே’ ஆக்குகிறேன் என்று கிளம்புவதும் ஆபத்துதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. கப்பல்களுக்கு வழிகாட்டிய அந்தக் காலமும் கட்டடத்தின் வரலாறே.

கடைசியாக ஆவணங்கள். 1922இல் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகம் உள்நாட்டுப் போரில் சிக்கியது. கட்டடத்தை மறுபடி எழுப்பிவிட்டார்கள். அங்கிருந்த ஆவணக் காப்பகத்தில் பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. கட்டடத்தைப் பற்றிய ஏடுகளுக்கும் இதே கதி நேரலாம். எனவே கொத்தனார் கரண்டியை எடுக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் அளந்து வரைந்து படமெடுத்துவிடுங்கள். அதன் ஒரு பிரதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே, வேறொரு இடத்தில் இருக்கட்டும்.