‘என் மேல நம்பிக்கை இல்லையா?’: பொறுப்பில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்போர் சங்கம், கோயில் திருவிழாக் கமிட்டி, மகளிர் குழு, அலுவலகத்தில் பத்துப் பேர் கொண்ட டீம் என்று எதுவாக இருந்தாலும், பெயரைக் கெடுத்துக்கொண்டு பொறுப்பிலிருந்து இறங்குகிறவர்களில் கையாடல் செய்ய வேண்டும் என்றே வந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் நல்லவர்கள்; ஓடியாடி வேலை செய்தவர்கள்; சொந்தக் காசைப் போட்டவர்களும் உண்டு. மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்று நம்பியதில்தான் அவர்களுக்குக் கோளாறு வந்தது. நம் மனசு நமக்குத்தான் தெரியும். கூட இருப்பவர்களுக்குத் தெரிவது ரசீதும் பதிவேடும் நாம் எடுக்கும் முடிவுகளும்தான். நேர்மையை இன்னொருவர் சரிபார்க்கும்படி வைத்திருப்பவர், கீழே சொல்லும் தவறுகளில் பாதியைச் செய்யவே மாட்டார்.

கணக்குக் கேட்டால் முகம் மாறுவது

பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "சார், அந்த மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார். பொருளாளருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "இத்தனை வருஷமா ஒரு பைசா வாங்காம உழைக்கிறேன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் கேள்வி அங்கேயே முடிந்துவிடாது. மாடிப்படியிலும் வாட்ஸ்அப்பிலும், பொருளாளர் பதில் சொல்லவே முடியாத இடங்களில் அது பேசப்படும். பில்லை எடுத்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

இப்போது பரவலாக நடக்கும் ஒரு தவறு, வசூலைச் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்குவது. "அவசரத்துக்கு என் நம்பருக்கு அனுப்புங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆரம்பிக்கும். வீட்டுக் கரண்ட் பில்லும் பால் காசும் போகிற கணக்கில் திருவிழாப் பணமும் சேர்ந்துவிட்டால், மூன்று மாதம் கழித்து எது யாருடைய பணம் என்று அவருக்கே தெரியாது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், க்யூஆர் கோடும் அந்தக் கணக்குக்கே இருக்க வேண்டும். ரொக்கம் வாங்கினால் வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல் ‘ரத்து’ என்று எழுதி அடிக்கட்டையோடு சேர்த்தே வையுங்கள். இடையில் ஓர் எண் காணாமல் போனால் அங்கேதான் சந்தேகம் பிறக்கும். பந்தல் கூலி, ஏற்றுக்கூலி மாதிரி பில் கிடைக்காத செலவுக்கு வவுச்சர் எழுதி, பணம் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு முறை, கையிருப்பு ரொக்கத்தைப் பொருளாளர் அல்லாத ஒருவர் எண்ணிப் பார்த்து ரொக்கப் புத்தகத்தில் கையெழுத்துப் போடட்டும். இதில் பெரிய பாதுகாப்பு பொருளாளருக்குத்தான்.

மகளிர் சுய உதவிக் குழுக்களில் இதற்கான முறை ஏற்கெனவே இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே பணத்தை எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, அவரவர் பாஸ்புக்கில் பதிய வேண்டும். "எல்லாருக்கும் வேலை இருக்கு, கையெழுத்து மட்டும் போடுங்கக்கா" என்று ஊக்குநர் நோட்டை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு அது உதவி மாதிரித்தான் தெரியும். வங்கிக் கடன் தவணை கட்டாமல் நின்று நோட்டீஸ் வரும் நாளில், படிக்காமல் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

கணக்கை ஒருவரின் நல்ல பெயரை நம்பி விடக்கூடாது என்பது நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த சட்டம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கும் ‘குடவோலை’ முறைக்காக எல்லோரும் அவற்றைப் பற்றிப் பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தகுதி நீக்கப் பட்டியல். வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவரோடு நிற்கவில்லை, சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயின் சகோதரன், தகப்பனின் சகோதரன் என்று உறவுக்காரர்களும் வர முடியாது. நிலம் வைத்திருந்த, வேதம் படித்த ஆண்களுக்கு மட்டுமேயான சபை அது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பினாமியாக உறவினரை நிறுத்துவார்கள் என்று அன்றைக்கே கணித்து வழியை அடைத்த புத்தி, இன்றைய பல சங்க விதிகளில் இல்லை.

"அடுத்த மாசம் சரி பண்ணிடலாம்"

பெரிய பொய்யை யாரும் ஒரே நாளில் சொல்லிவிடுவதில்லை. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் இதற்கு நல்ல பாடம். 2008 செப்டம்பருடன் முடிந்த காலாண்டில் கம்பெனி காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி ரூபாய். உண்மையில் கிடைத்தது 61 கோடி. கையிலும் வங்கியிலும் இருப்பதாகப் புத்தகத்தில் இருந்த பணத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்த வித்தியாசம் ஆரம்பத்தில் மிகச் சிறியதாக இருந்தது என்றும், வருஷா வருஷம் வளர்ந்து கை மீறிவிட்டது என்றும் அவரே எழுதினார். புலி மேல் ஏறிவிட்டு, அதற்கு இரையாகாமல் எப்படி இறங்குவது என்று தெரியாமல் இருந்ததைப் போல என்றும் அதே கடிதத்தில் சொல்லியிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சிறந்த நிர்வாகத்துக்கான விருது ஒன்று அந்தக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. 2015-இல் நீதிமன்றம் அவருக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

நாம் யாரும் 5,040 கோடியைக் கையாளப் போவதில்லை. ஆனால் பாதை ஒன்றுதான். முடியாத வேலையை முடிந்ததாக வாராந்திர அறிக்கையில் போடுவது, வராத ஆளுக்கு வருகை போடுவது, சங்கப் பணத்தில் ஐயாயிரத்தைச் சொந்த அவசரத்துக்கு எடுத்துவிட்டு ஒன்றாம் தேதி வைத்துவிடலாம் என்று நினைப்பது எல்லாம் அதில் அடக்கம். ஒன்றாம் தேதி வைத்துவிட்டாலும் அது தவறுதான், ஏனென்றால் அடுத்த முறை கை கூசாது. குறை சின்னதாக இருக்கும்போதே, "இந்த மாதம் இவ்வளவு இடிக்கிறது, காரணம் இது" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். அப்போது கிடைக்கும் திட்டு தாங்கக்கூடிய திட்டுதான்.

வேண்டியவருக்கு வேலை கொடுப்பதும் இப்படித்தான் உள்ளே வரும். மச்சான் நல்ல பெயிண்டராகவே இருக்கலாம். அவருடைய கொட்டேஷன் வரும்போது, "இவர் என் மச்சான், இந்த முடிவில் நான் இல்லை" என்று சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வைத்து, அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுங்கள். குறைந்த விலைக்கு அவருக்கே வேலை கிடைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் விட்டு, பிறகு தெரியவந்தால் நீங்கள் செய்த மற்ற நல்ல வேலைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பொய் சொன்னால்தான் எட்ட முடியும் என்கிற இலக்கு

மேலே சொன்னவை ஒருவர் தானே செய்வது. இது, தான் ஒரு பைசா தொடாமல் மற்றவர்களைக் கெடுப்பது. டீம் லீடர்களும் மேனேஜர்களும் அதிகம் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளையாவது விற்க வேண்டும் என்று கிளைகளுக்கு இலக்கு வைத்தது. சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் தலையில் கார்டு, கடன், இன்னொரு கணக்கு என்று கட்ட வேண்டும். எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குத் தொடங்கினார்கள். இல்லாத மின்னஞ்சல் முகவரிகளை எழுதினார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அனுமதியில்லாமல் தொடங்கிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று பிறகு வங்கியே சொன்னது. இதில் என்னைக் கோபப்படுத்துவது, சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள் என்பதுதான். இத்தனை பேர் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்றால் கேள்வி இலக்கை வைத்தவரிடம் போக வேண்டும். அது அங்கே போய்ச் சேரத் தாமதமானது. தலைமைச் செயல் அதிகாரி அந்த அக்டோபரில்தான் பதவி விலகினார்.

"எப்படியோ முடிச்சுக் கொடு" என்று சொல்லும் மேனேஜர், அந்த ‘எப்படியோ’வுக்கும் பொறுப்பாளிதான். ஒருவர் வழக்கத்துக்கு மாறாக அதிக இலக்கு எட்டினால் கைதட்டுவதற்கு முன் எப்படி எட்டினார் என்று உட்கார்ந்து கேளுங்கள். எட்டாதவர் உண்மையைச் சொன்னால், அந்த உண்மைக்காக அவரை அவமானப்படுத்தாதீர்கள்; அதை டீமே பார்த்துக்கொண்டிருக்கும்.

கெட்ட செய்தி சொல்பவரை ஓரங்கட்டுவது

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தையக்கால் கம்பெனியின் பொறியாளர்கள், குளிரில் பூஸ்டரின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். நாசா தரப்பு அதிருப்தி காட்டியது. கம்பெனி மேலதிகாரிகள் தனியாகப் பேசினார்கள். பொறியாளராகப் பார்க்காமல் நிர்வாகியாக முடிவு எடுக்கும்படி பொறியியல் பிரிவுத் தலைவரிடம் சொல்லப்பட்டது. நான்கு நிர்வாகிகள் சம்மதம் கொடுத்தார்கள். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவே இல்லை. மறுநாள் ஏவிய 73-ஆவது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

கூட்டத்தில் "எல்லாருக்கும் ஓகே தானே?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். "இதில் எது சொதப்பும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இளையவரை முதலில் பேச விடுங்கள், நீங்கள் கடைசியில் பேசுங்கள். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் பிறகு யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். நம் பழக்கம் அப்படி.

தோல்விக்கு யார் முகம் காட்டுவது என்பதும் இதோடு சேர்ந்தது. 1979 ஆகஸ்டில் எஸ்எல்வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலையில் வெற்றி பெற்றபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேச வைத்தார். எல்லோரும் கேட்ட கதைதான், ஆனால் திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் அப்படி நடக்கிறவர் எத்தனை பேர்?

"நல்லா வேலை செய்ற ஆள், விட்டுடலாம்"

அதிக வியாபாரம் கொண்டுவருகிறவர், எல்லா வேலையும் தெரிந்த சீனியர், கமிட்டிக்கு அதிக நன்கொடை தருகிறவர். இவர்கள் கீழே இருப்பவர்களைக் கேவலமாகப் பேசுவதையோ, பெண்களிடம் அத்துமீறுவதையோ கண்டும் காணாமல் விடுவது கோழைத்தனம். சட்டமும் அதை ஏற்காது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும். தலைமையில் மூத்த பெண் ஊழியரும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். ராஜஸ்தானில் அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவிக்கு 1992-இல் நடந்த பாலியல் கொடுமையும், அதையொட்டி 1997-இல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பும்தான் இந்தச் சட்டத்துக்கு அடிப்படை.

"நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்மா, உன் பேரும் கெட்டுடும்" என்று புகார் கொடுத்த பெண்ணிடம் சொல்கிற அதிகாரிகள் பலர் தாங்கள் நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். சமரசம் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டால் மட்டுமே அந்தப் பேச்சை எடுக்கலாம். பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்துக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழு உறுப்பினர்கள் யார் என்று ஒட்டியிருக்கிறதா, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அது தெரியுமா என்று நாளைக்கே பாருங்கள்.

நாற்காலியை விடாமல் இருப்பது

"என்னை விட்டா ஆள் இல்லை" என்று ஒருவர் பல வருஷம் செயலாளராக இருந்தால், ஆள் வளராததற்கு அவரும் ஒரு காரணம். உத்திரமேரூரில் வாரியம் செய்தவர் அடுத்த மூன்று வருஷம் மறுபடி வர முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பொறுப்பு மாறும் என்று உங்கள் சங்க விதியிலும் எழுதிவிடுங்கள்.

இறங்கும்போது வாய்மொழியாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ரசீதுப் புத்தகங்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, ரொக்கக் கையிருப்பு, வங்கி இருப்பு, கொடுக்க வேண்டிய பாக்கி, காசோலைப் புத்தகம், வாட்ஸ்அப் குழு அட்மின் உட்பட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, புதியவரோடு உட்கார்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் உங்கள் கையெழுத்தை நீக்கும் கடிதத்தையும் அன்றே கொடுங்கள். எண்ணும்போது இருநூறு ரூபாய் குறைந்தால் குறைகிறது என்றே எழுதுங்கள். அன்றைக்கு உங்களால் விளக்க முடியும். ஆறு மாதம் கழித்து விளக்கப் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.