வெளிநாடு படிக்க போற பிள்ளைகளே, மெனிஞ்சைட்டிஸ் ஊசிய கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க

நம்ம மாவட்டத்துல இருந்து அமெரிக்கா, லண்டன்னு படிக்க போற பிள்ளைங்க விசா, டிக்கெட், பெட்டி, ஏத்தங்கா சிப்ஸ் வரைக்கும் ரெடி பண்ணிட்டு மூளை உறைய தாக்குற இந்த தொற்றுக்கான ஊசிய மட்டும் மறந்துருவாங்க. டெக்சாஸ்ல 22 வயசுக்கு கீழ இருந்தா, கிளாஸ் தொடங்க குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும், அதுவும் கடைசி 5 வருஷத்துக்குள்ள போட்டதா இருக்கணும்னு சட்டமே உண்டு, மற்ற ஊர்ல எப்படின்னு காலேஜ் அனுப்புற ஹெல்த் ஃபார்ம்ல பாத்துக்கிடுங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய ஊசி பேரு மென் ஏசிடபிள்யூஒய் (MenACWY), நாலு வகை கிருமிக்கும் சேர்த்து ஒரே ஊசி. சின்னதுல போட்டாச்சேன்னு அம்மா சொல்லுவாங்க, ஆனா நம்ம அரசு இலவச அட்டவணையில இது கிடையாது, குழந்தைங்களுக்கு போடுற பென்டாவேலன்ட் ஊசில இருக்கது ஹிப்ங்கிற கிருமிக்கானது, அது வேற.

நாகர்கோவில்ல குழந்தை டாக்டர்கிட்டயே கேட்டுப் பாருங்க, அவங்க வரவழைச்சு குடுப்பாங்க, இல்லன்னா திருவந்தோரம் இருக்கவே இருக்கு. மெடிக்கல்ல வாங்கி கவர்ல தூக்கிட்டு வெயில்ல பஸ் ஏறாதீங்க, 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும், போடுற இடத்துலயே வாங்குறதுதான் நல்லது.

சர்டிபிகேட்ல பேட்ச் நம்பர், சீல், கையெழுத்து கண்டிப்பா வேணும். தேதியில மாசத்த எழுத்துல எழுதச் சொல்லுங்க, அமெரிக்காக்காரன் மாசத்த முதல்ல வாசிப்பான், 5/8 போட்டா மே மாசம்னு எடுத்துக்கிடுவான்.

லண்டன் பக்கம் போறவங்க 25 வயசு ஆகலன்னா அங்க ஜிபிகிட்ட (அந்த ஊர் குடும்ப டாக்டர்) பதிஞ்சு இலவசமாவே போட்டுக்கலாம், ஆனா ஹாஸ்டல்ல கூட்டமா தங்குறதுக்கு முன்னாடி இங்கயே முடிச்சுட்டு போறது பெட்டர்.