உப்புக்காற்று ஊரில் மெட்டல் பாக்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வீடு கட்டுகிறவர்கள் சுவிட்ச் பிளேட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு மாலையைச் செலவழிக்கிறார்கள். வெள்ளையா, சாம்பலா, ஓரத்தில் வெள்ளிக்கோடு வேண்டுமா என்று குடும்பமே கூடிப் பேசும். சுவருக்குள் பதிந்து அந்தப் பிளேட்டைத் தாங்கப்போகும் மெட்டல் பாக்ஸை மட்டும் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவார். பிளேட் கெட்டால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பாக்ஸ் கெட்டால் சுவரை உடைக்க வேண்டும். பூச்சு, பட்டி, பெயின்ட் எல்லாம் மறுபடியும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பாக்ஸைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் பிளேட்.

இந்தக் கரையில் ஏன் இவ்வளவு கவனம்? வடக்கே பாக் நீரிணைப் பக்கமும் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமும் கடல். வாடைக்காற்று அடித்தால் ஒரு பக்கத்து உப்பு, கச்சான் காற்று அடித்தால் இன்னொரு பக்கத்து உப்பு. காற்றில் வரும் உப்புத்தூள் காற்றின் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே பெய்யாத மாதத்திலும் இரும்பின் மேல் ஒரு ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப்பட்ட பாதுகாப்புப் பூச்சும் கொடுத்தது இந்தக் காற்றுக்காகத்தான். தங்கச்சிமடத்தில் கட்டும் வீட்டுக்குள் வருவதும் அதே காற்று.

முதல் தவறு, பளபளப்பைப் பார்த்து ஜி.ஐ. என்று நம்புவது. கடையில் கிடைக்கும் இரும்புப் பாக்ஸ்கள் ஏறக்குறைய மூன்று வகை. துத்தநாகம் பூசிய தகட்டில் செய்த ஜி.ஐ. பாக்ஸ், வெறும் இரும்புத் தகட்டில் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் அடித்தது, மிக மெல்லிய மின்முலாம் மட்டும் போட்டது. புதிதாக இருக்கும்போது மூன்றும் மினுங்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதாலும் பயனில்லை, மூன்றிலும் ஒட்டும். பெயின்ட் அடித்ததில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். துத்தநாகம் அப்படி இல்லை. சிறு கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அது தீரும் வரைக்கும்தான் அந்தக் காவல். ஆகவே எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்பதே கேள்வி. தகட்டுக் கணக்கில் 275 கிராம் பூச்சு என்றால், ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் கனம் வரும். 120 கிராம் பூச்சு என்றால் அதில் பாதிக்கும் குறைவு. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், கம்பெனி விவரத்தாளைக் கேட்டுப் பாருங்கள். இரும்புப் பாக்ஸ்களுக்கு ஐ.எஸ். 5133 முதல் பகுதி, பொதுவாக இந்த உறைகளுக்கு ஐ.எஸ். 14772 என்று இந்தியத் தரங்கள் இருக்கின்றன. பாக்ஸிலோ அட்டையிலோ அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

கனம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ. "20 தான் பெரியது, அதைக் கொடுங்கள்" என்று வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாக்ஸைக் கையில் எடுத்தால் நடுப்பகுதியைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். தகட்டை வெட்டிய விளிம்பு, பைப் நுழைவதற்கு விட்ட நாக்-அவுட் வட்டம், வெல்டிங் புள்ளி, ஸ்க்ரூ ஏறும் காது. பூச்சு மெலிந்தோ இல்லாமலோ இருப்பது இந்த இடங்களில்தான். கடற்கரை வீடுகளில் பாக்ஸின் உடல் நன்றாக இருக்கும்போதே காது மட்டும் உதிர்ந்துவிடும். பிளேட் தொங்கும். யாரோ பிளக்கைப் பிடுங்கும்போது சாக்கெட்டும் சேர்ந்து வெளியே வரும். உள்ளே கனெக்‌ஷன் தளர்ந்து பொறி பறக்கும். அதனால் காது தனியாகத் தடித்த தகட்டில் இருக்கிறதா, அதில் மரை நன்றாக வெட்டியிருக்கிறதா என்று ஒரு ஸ்க்ரூவை ஏற்றி இறக்கிப் பார்த்தே வாங்குங்கள். கூட வரும் மலிவான இரும்பு ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டு, அதே மரைக்குப் பொருந்தும் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடலாம். மரையில் துளி கிரீஸ் தடவி ஏற்றினால் பல வருடம் கழித்தும் சுலபமாகக் கழற்ற வரும். ஸ்டெயின்லெஸ்ஸிலேயே பாக்ஸ் வாங்குகிறவர்கள் 304, 316 என்ற எண்ணைக் கேட்க வேண்டும். 304-லும் கடலோரத்தில் புள்ளிப்புள்ளியாகத் துரு வரும். மாலிப்டினம் சேர்ந்த 316 தான் இந்த ஊருக்கு ஏற்றது, விலையும் அதற்கேற்ப.

நல்ல பாக்ஸை வாங்கிவந்து சுவரில் கெடுப்பது அடுத்த தவறு. நிறைய வேலைத்தளங்களில் பாக்ஸை நிறுத்துவதற்கு பி.ஓ.பி.யை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) குழைத்து அப்பிவிடுகிறார்கள், சீக்கிரம் இறுகும் என்பதற்காக. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிமெண்ட் இரும்புக்குத் தரும் காரப் பாதுகாப்பும் அதில் கிடையாது. சிமெண்ட் கலவை போட்டே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கலவையின் தண்ணீரும் முக்கியம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. வாயில் வைத்தாலே கரிக்கும் போர் தண்ணீரைக் குழைத்துப் பாக்ஸைச் சுற்றி அப்பினால், உப்பு வெளியிலிருந்து வரவே வேண்டாம், சுவருக்குள்ளேயே குடியிருக்கும். சலித்துக் கழுவாத கடல்மணலும் அப்படித்தான். வீடு முழுவதற்கும் நல்ல தண்ணீர் லாரி விலைக்கு வாங்க முடியவில்லை என்றால், பாக்ஸ் பதிக்கும் கலவைக்காவது இரண்டு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள். பூச்சு வேலையின்போது பாக்ஸுக்குள் சிமெண்ட் சாக்குத் தாளைத் திணிப்பது வழக்கம். சுவருக்குத் தண்ணீர் விடும்போது அந்தத் தாள் நனைந்து, நாள்கணக்கில் உப்புத்தண்ணீரோடு பாக்ஸுக்குள்ளேயே கிடக்கும். தெர்மோகோல் துண்டை அளவாக வெட்டி வைத்து, மேலே டேப் ஒட்டுவது நல்லது.

அரைச் செங்கல் சுவரில் இரு பக்கமும் நேருக்கு நேராகப் பாக்ஸ் வைக்க வேண்டாம். நடுவில் சுவரே மிஞ்சாது.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து வரும் மாமாவோ மச்சானோ அங்கே பார்த்த அழகான சாக்கெட்டுகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். அவை பிரிட்டிஷ் அளவு: சதுர முள் மூன்று, 13 ஆம்பியர். ஒற்றைப் பிளேட்டுக்கு ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ 60.3 மி.மீ. இடைவெளி, அதற்கென்று 25, 35, 47 மி.மீ. ஆழத்தில் தனி மெட்டல் பாக்ஸ். நம் ஊர் மாடுலர் பாக்ஸ் 3 மாடுல், 6 மாடுல், 8 மாடுல் என்று வேறு கணக்கு (ஒரு சின்ன சுவிட்ச் பிடிக்கும் இடம் ஒரு மாடுல்). அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு சற்று மாறும். பதித்த பிறகு பொருந்தவில்லை என்று தெரிந்து, பாக்ஸின் காதைச் சுத்தியலால் வளைத்து, ஓட்டையை டிரில்லால் அகட்டி ஒப்பேற்றுவார்கள். வளைத்த இடத்திலும் துளைத்த இடத்திலும் துத்தநாகம் போய்விடும், முதல் மழைக்காலத்திலேயே அங்கே செந்நிறம் தெரியும். அந்தச் சாக்கெட்தான் வேண்டும் என்றால் அதற்குரிய பாக்ஸையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்லுங்கள், சாக்கெட்டுக்கு 35 மி.மீ. ஆழத்துக்குக் குறையாமல். இங்கே விற்கும் மிக்சி, ஃபிரிட்ஜ் பிளக்கெல்லாம் உருண்டை முள் என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு முழுவதும் சதுர முள் போட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் அடாப்டர் மாட்டித் திரிவது ஆபத்தான ஏற்பாடு. உள்ளூர்ப் பிளேட் என்றால் பிளேட்டும் பாக்ஸும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

ஆழம் குறைந்த பாக்ஸில் ஏசிக்கான 4 சதுர மி.மீ. வயரை மடக்கித் திணிக்காதீர்கள். வயர் அழுந்தினால் இன்சுலேஷன் நசுங்கும். பாக்ஸின் வாய் பூச்சின் மட்டத்துக்குச் சமமாக நிற்க வேண்டும். நாக்-அவுட்டைத் தட்டி எடுத்த ஓட்டையில் புஷ் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) போடாமல் வயரை இழுக்கக்கூடாது, அந்த விளிம்பு கத்தி.

இனி எர்த். இதில்தான் உயிர் போகும் தவறு நடக்கிறது. "சாக்கெட்டுக்குத்தான் எர்த்து கொடுத்தாச்சே அண்ணே, பாக்ஸுக்கு எதுக்கு?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. சுவிட்ச் மட்டும் இருக்கும் பாக்ஸுக்குப் பச்சை வயரை இழுப்பதே இல்லை என்று வைத்திருக்கிறவர்களும் உண்டு. முன்பு இரும்புப் பைப் ஓடிய காலத்தில் பைப் வழியாகவே பாக்ஸுக்கு எர்த் கிடைத்தது. இப்போது எல்லாம் பி.வி.சி. பைப். தனி வயர் இழுத்து, பாக்ஸில் இருக்கும் எர்த் ஸ்க்ரூவில் முடுக்கினால்தான் உண்டு. முடுக்காத பாக்ஸில் ஒரு ஃபேஸ் வயர் உரசினால் பாக்ஸ் முழுவதும் 230 வோல்ட். பிளேட்டின் ஸ்க்ரூத் தலை விரலுக்கு எட்டும் தூரத்தில். உப்பு ஏறி நனைந்த சுவரோ கரண்டைக் கடத்தும். ஐப்பசி, கார்த்திகையில் "சுவரைத் தொட்டாலே ஜிவ்வுனு இழுக்குது" என்று சொல்லும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. அப்படி இருந்தால் மெயினை அணைத்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடவும் கூடாது. எர்த் சரியாக இருந்தால் கசிவு வந்த உடனே, யாரும் தொடும் முன்பே அது டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்த பிறகுதான் அதற்குத் தெரியும். பெயின்ட் அடித்த பாக்ஸ் என்றால் எர்த் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு முடுக்க வேண்டும், இல்லையென்றால் தொடர்பே கிடைக்காது. பித்தளை ஸ்க்ரூவாக இருப்பது உத்தமம். வேலை முடிந்ததும் மெயினை அணைத்த நிலையில், மல்டிமீட்டரில் பாக்ஸுக்கும் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் நடுவே அளந்து காட்டச் சொல்லுங்கள். 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளக்காமல் பிளேட் மாட்ட விடாதீர்கள்.

எல்லா இடத்துக்கும் மெட்டல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதும் தவறுதான். மெட்டல் எரியாது, கொத்தனார் அழுத்தினாலும் கோணாது. வீட்டுக்குள் உலர்ந்த சுவருக்கு அது நல்லது. கடலைப் பார்த்த வெளிச்சுவர், மொட்டை மாடி, குளியலறைக்கு வெளியே, மோட்டார் ரூம் ஆகிய இடங்களில் பாலிகார்பனேட் பாக்ஸ் போடுவதே என் முடிவு. பித்தளை மரை பதித்ததாகப் பார்த்து, திறந்த வெளிக்குத் தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் புகாத ஐ.பி. 65 மதிப்புள்ள மூடியோடு வாங்குங்கள். பைப் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டே பாக்ஸுக்குள் இறங்கும். மாடியில் திறந்து நிற்கும் பைப் வாயை அடைக்காமல் விட்டால், உப்புக்காற்று அந்த வழியாகவே வீட்டுக்குள் இருக்கும் பாக்ஸ் வரை போகும்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீடு என்றால், புரட்டாசி முடிவதற்குள் மெயினை அணைத்துவிட்டுக் கடல்பக்கச் சுவரில் ஒரு பிளேட்டையாவது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பொடி மட்டும் தெரிந்தால் துத்தநாகம் கரைகிறது, இன்னும் காலம் இருக்கிறது. செந்துரு தெரிந்தால் தேய்த்து எடுத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் தடவி, எர்த் ஸ்க்ரூவை மாற்றிவிடலாம். காதே உதிர்ந்திருந்தால் மரக்கட்டை அடித்து ஆணியில் பிளேட்டை நிறுத்தும் வேலை வேண்டாம். சுவரை உடைக்க மனமில்லை என்றால், அதே இடத்தின் மேல் சுவரோடு திருகும் பிளாஸ்டிக் பாக்ஸை வைத்துப் பிளேட்டை அதில் மாட்டலாம். பழைய பாக்ஸ் உள்ளேயே இருக்கும் வரை அதன் எர்த் வயரை மட்டும் கழற்றிவிடக் கூடாது.