ஆட்டிசம்: முதலில் எதைப் படிப்பது?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் இருக்கிற பெற்றோருக்கு இது. பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, மீன் ஏலச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுகிறது என்றால், வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் படித்துக் கலங்காமல் யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம் சில புரிதல்கள்' புத்தகத்தை எடுங்கள்.

அப்புறம் லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்'. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு தாயே எழுதியது. வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் "தாய் சரியா கவனிக்கல" என்ற பேச்சுதான் நம் ஊரில் முதலில் வருகிறது, அது அப்பட்டமான பொய். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு, பெரும்பாலும் மரபணு சார்ந்தது.

ஆட்டிசம் தடுப்பூசியால் வருகிறது என்று ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தால் அதை மூடி வைத்துவிடுங்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிய 1998 ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. முழுசாகக் குணமாக்குகிறேன் என்கிற புத்தகமும் வேண்டாம்.

16 முதல் 30 மாதப் பிள்ளை என்றால் ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது, நோயறிதல் அல்ல, முதல் சல்லடை மட்டும்தான். சந்தேகம் வந்தால் புத்தகம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவுக்குப் போய், வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.