ஏத்தன் பழத்தோலில் தையல் பழக்குவது எப்படி?

புதிதாகச் சேர்ந்த அறுவை சிகிச்சை முதுநிலை மாணவருக்கு முதலில் ஏத்தன் (நேந்திரம்) பழத்தைக் கொடுங்கள். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். அதிகம் கனிந்தது வேண்டாம், தோல் கிழியும். நீளவாக்கில் 5 செ.மீ. கீறுங்கள். தைக்க 3-0 அளவு சில்க் (பட்டு) நூல் போதும்.

முதல் தையலைப் பேசாமல் போட்டுக் காட்டுங்கள், அடுத்ததை விளக்கத்தோடு. மூன்றாவதை மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் போடுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிவிடும் படி இதுதான். அவர் தப்பாகப் புரிந்துகொண்டது வெளிப்படுவதும் இங்கேதான். பிறகு அவரே போடட்டும்.

நீடில் ஹோல்டரின் (ஊசியைப் பிடிக்கும் கருவி) நுனியால், நூல் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஊசியைப் பிடித்து, விளிம்புக்கு 5 மி.மீ. தள்ளிச் செங்குத்தாக இறக்க வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல் நேராகத் தள்ளினால் ஊசி வளையும், துளை அகலும். விளிம்புகள் தொட்டதும் முடிச்சை நிறுத்தச் சொல்லுங்கள். நூல் தோலில் பதிந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடட்டும். நோயாளியின் தோலில் அந்த இறுக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விளிம்பையே அழுகவைத்துவிடும்.